பழைய கொரோலாவில் றேடியேற்றர் ஃபான் சுற்றவில்லை

ஃபான் மோட்டருக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஓடும்போது சூடு சரி, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நெரிசலில் நின்றால் சூடு காட்டும் ஊசி ஏறுகிறது, ஃபான் அசையவில்லை, பியூஸ் நல்லம் என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் வெப்ப சுவிட்சில்தான், அதாவது தண்ணீரின் சூட்டை உணர்ந்து ஃபானைச் சுற்றவைக்கும் சுவிட்ச். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே றேடியேற்றரில் ஊற்றி வந்திருந்தால் சுவிட்ச் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

என்ஜின் ஆறியபின் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு சாவியை ஓனில் வையுங்கள். பழைய டொயோட்டாக்களில் பெரும்பாலும் உடனே ஃபான் சுற்றும். சுற்றினால் சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மோட்டருக்கு பற்றரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுங்கள்: சுற்றினால் பழுது றிலேயில் (ஃபானுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) அல்லது வயரில், சுற்றாவிட்டால் மோட்டரில்.

அதற்கு முன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் நல்ல சுவிட்சும் சூட்டை உணராது. சூட்டோடு மூடியைத் திறக்கவே வேண்டாம்.