மரமே ஏறாதவரை உச்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: டிவி நிகழ்ச்சிக்காக, மரமே ஏறிப் பழகாத தொகுப்பாளரை உச்சிக் கிளை வரை ஏற்றிப் படமெடுக்க வேண்டுமாம். பாதுகாப்பாக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பட்டுப்போன கிளை, உளுத்த இடம், தேன்கூடு எல்லாம் பார்த்து, கயிறு போட்ட கிளையை இரண்டு பேர் தரையிலிருந்தே சேர்ந்து தொங்கிச் சோதித்த பிறகுதான் அவருக்கு ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக் கயிற்றோடு இணைக்கும் பட்டை) ஹெல்மெட்டும். கயிற்றைத் தரையிலிருந்தே தளர்த்தி ஆளை இறக்கும்படி கட்டுங்கள். பயத்தில் உறைந்துபோனாலோ மயங்கினாலோ, ஹார்னஸில் அசையாமல் தொங்குவது சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் இடுப்பு உயரத்தில் தொங்கிப் பழகட்டும். அப்புறம் அனுபவசாலி ஒருவர் பக்கத்துக் கயிற்றில் கூடவே ஏறட்டும். கேமராவுக்குத் தனிக் கட்டு, கீழே யாரும் நிற்கக் கூடாது. இயக்குநர் ‘இன்னொரு டேக்’ என்பார் (கேட்காத இயக்குநர் உண்டா!), ஆனால் எப்போது இறங்குவது என்று முடிவெடுப்பது கயிறு பிடிப்பவர்தான்.