சிறையில் இருக்கும் அக்காவுக்கு மனநல மாத்திரை தொடர்ந்து கிடைக்குமா?

“கைதாவதற்கு முன் மனநலச் சிகிச்சையில் இருந்த என் அக்கா இப்போது விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறார். உள்ளே மாத்திரை கிடைக்குமா, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும், ஆனால் அவர் எதைச் சாப்பிட்டு வந்தார் என்பது சிறை மருத்துவருக்குத் தெரிந்தால்தான் கிடைக்கும். அதைத் தெரியப்படுத்தும் வேலை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. சென்னையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒருமுறை இரண்டு பெண் காவலர்கள் வழிக்காவலாக ஒரு கைதியை எங்கள் ஓ.பி.க்கு அழைத்து வந்தார்கள். மூன்று இரவுகள் தூங்காமல் பாடிக்கொண்டும், உடனிருந்தவர்களின் துணிகளையெல்லாம் அள்ளித் துவைத்துக்கொண்டும் இருந்தாராம். அடங்காதவள் என்று பெயர் எடுத்திருந்தார். விசாரித்தால், மனநிலையைச் சீராக வைத்திருக்க ஆறு ஆண்டுகளாக அவர் சாப்பிட்டு வந்த லித்தியம் மாத்திரை கைதான நாளோடு நின்றுபோயிருந்தது. தங்கையை வரவழைத்தோம், ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பழைய மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்றதற்கு, “கீழ்ப்பாக்கம் கேஸ்னு தெரிஞ்சா மாமியார் வீட்டுல பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க மேடம்” என்றார். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் பேட்டையின் பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கும் ஊரில், அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டு முதல் வாரமே உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆகவே முதலில் சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்திலும் தெரிவிக்கலாம். லித்தியம் என்றால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்பதையும், வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தாலோ வாந்தி, பேதி வந்தாலோ அந்த அளவு ஆபத்தாக ஏறக்கூடும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கத்துகிறவர்களாவது கண்ணில் படுகிறார்கள். சோற்றை வாங்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாருக்கும் தொந்தரவில்லாத நல்ல கைதி என்றே நினைத்துவிடுகிறார்கள். மனுப் பார்க்க, அதாவது சிறையில் அவரை நேரில் சந்திக்கப் போகும்போது வழக்கைப் பற்றி மட்டும் பேசாமல், தூக்கம் வருகிறதா, மாதவிடாய் ஒழுங்காக இருக்கிறதா என்று கேளுங்கள். தலை வாரியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். அதன்பின் பிரிக்கப்படும் நாட்களையும், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களையும், தண்டனை அறிவிக்கப்பட்ட வாரத்தையும் நான் மிகவும் கவலைக்குரியவையாகக் கருதுவேன். பெண் கைதிகளுக்காக ஐ.நா. 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகள், உள்ளே வரும்போதே மனநிலை, தற்கொலை எண்ணம், முன்பு அனுபவித்த வன்முறை ஆகியவற்றைக் கேட்டறியச் சொல்கின்றன.

நம் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை வசதி இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, மனநோயுள்ள கைதி எவரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கொருமுறை சான்றளிக்கவும் சொல்கிறது; இதை எழுதியவர்கள் ஒரு பெண்கள் சிறைக்குள் அரை நாள் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். குற்றம் கடுமையானதாயினும், பெண் என்பதையும் நோயுற்றவர் என்பதையும் கருதி ஜாமீன் வழங்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 480-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. சிகிச்சைச் சீட்டு அங்கேயும் உதவும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

ஜாமீன் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் கோட்டைவிடுவது ஒன்றுண்டு. விடுதலையாகும்போது உள்ளே கொடுத்துவந்த மருந்துகளின் விவரத்தையும் சில நாட்களுக்கான மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். கோயிலுக்கு அப்புறம் போகலாம். மறுநாள் காலையிலேயே அக்காவை ஓ.பி.க்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் நிலைமை கைமீறினால் 14416-இல் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.