ஜப்பானிய மொழியும் ஒரு குப்பைப் பையும் (கடிதம்)

அன்புள்ள சார்,

கோவையில் சுற்றுச்சூழல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை வருடமாக ஜப்பானியம் கற்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படியான என்-5 தேறிவிட்டேன், டிசம்பரில் அடுத்த படியான என்-4 எழுதுகிறேன். ஜப்பானுக்கே போய் மொழி, பண்பாடு, அவர்களின் சூழல் சார்ந்த வாழ்க்கைமுறை மூன்றையும் சேர்த்துக் கற்க ஆசை. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டோக்கியோவில் ஒரு வருட மொழிப்பள்ளி. இன்னொன்று, ஒரு கல்லூரியின் நான்கு மாதப் பரிமாற்றத் திட்டம். சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு தங்கி, கழிவு மேலாண்மையைப் பார்த்துக்கொண்டே மொழி பயில வேண்டும். நீங்கள் ஷிகொகு தீவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எது நல்லது?

இயற்கையோடு இயைந்து வாழ்வது ஜப்பானியர்களின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. மொத்தாய்நாய் (வீணாக்காமை), இகிகாய் (வாழ்வதற்கான காரணம்), கின்சுகி (உடைந்த கலத்தைப் பொன்பூச்சால் ஒட்டுவது) என்று ஒவ்வொரு சொல்லுமே ஒரு தத்துவம். நம்மிடம் அப்படி எதுவும் இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது! வினைச்சொல்லின் 'தே' வடிவத்துக்கு மட்டும் எங்கள் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் விதிகள். அங்கே போய்விட்டால் தானாக வந்துவிடும்தானே?

ர.

அன்புள்ள ர.,

தானாக எதுவும் வராது. பதினைந்து வருடம் டோக்கியோவில் வேலை பார்த்தும் கடையில் விரலால் காட்டி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தத் 'தே' வடிவத்தைப் பற்றித்தான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் அக்கா மகனும் ஜப்பானியம் படிக்கிறான். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்துக்கும் கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே, அதுவும் சில இடங்களில் மட்டும், தமிழ். ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கே சொற்களையெல்லாம் தலைகீழாக மாற்றி, மறுபடியும் தமிழுக்கு வந்து இன்னொரு தடவை தலைகீழாக்குகிறான். பக்கத்துத் தெருவுக்குப் போக டெல்லி வழியாக ரயில் ஏறுகிற வேலை.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். சுமார் இருபது வருடங்களுக்கு முன் ஷிகொகுவின் தோகுஷிமா நகரில் பத்து மாதம் இருந்தேன். வந்து மூன்றாவது வாரம். காலையில் குப்பைப் பையை வலை மூடிய இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். (அந்த வலை காக்கைகளுக்காக. ஜப்பானியக் காக்கைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) மாலையில் திரும்பினால் தெருவில் எல்லாருடைய பையும் போயிருக்கிறது, என் பை மட்டும் நடுவே உட்கார்ந்திருக்கிறது, வயிற்றில் ஒரு ஸ்டிக்கரோடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெருவே பார்த்திருக்கும். ஊரில் பரீட்சையில் தோற்றபோதுகூட எனக்கு அப்படிக் கூசியதில்லை.

எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். பையை அவரே அவிழ்த்தார். எரிகிற குப்பையோடு நான் போட்டிருந்த தயிர் டப்பா, பால் அட்டைப்பெட்டி, மூடியும் லேபிளும் கழற்றாத தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தயிர் டப்பாவைத் தூக்கிக் காட்டி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: அரத்தே... கவகஷிதே... தஷிதே குதசாய்.

கழுவி... உலர்த்தி... வெளியே வையுங்கள்.

சொல்லுக்குச் சொல், அதே வரிசை, அதே இடத்தில் இழுத்து நிற்கிற அதே ஓசை. வகுப்பில் எனக்கு எட்டாத 'தே' வடிவம் அந்தத் தயிர் டப்பாவில் வந்து நின்றது. அது நம்முடைய வினையெச்சம். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'கழுவு, மேலும் உலர்த்து, மேலும் வை' என்று உடைத்துத்தான் சொல்ல முடியும். அதனால்தான் உங்கள் புத்தகக்காரர்களுக்கு ஓர் அத்தியாயம் தேவைப்படுகிறது. எந்த வினைக்கு எந்த முடிவு என்பதை நீங்களும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கே, எதற்குப் பயன்படுத்துவது என்பது மூன்று வயதிலேயே உங்களுக்குத் தெரியும்.

இன்னும் கேளுங்கள். 'மிரு' என்றால் பார். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். கண்ணால் பார்ப்பதில்லை, முயன்று பார்ப்பது. நம்மிடம் இருக்கிற அதே இரண்டாம் பொருள். 'ஒகு' என்றால் வை. 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வை, அதாவது பின்னால் உதவும் என்று முன்கூட்டியே வாங்கி வைப்பது. 'மொத்தே குரு' கொண்டு வா, 'மொத்தே இகு' கொண்டு போ. 'ஷிமாவு' என்று ஒரு துணைவினை. 'தபேதே ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். முழுக்க முடித்துவிட்டேன் என்றும் ஆகும், ஐயோ, சாப்பிட்டுத் தொலைத்துவிட்டேனே என்றும் ஆகும். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் எப்படி இருக்க முடியும் என்று என் வகுப்பிலிருந்த ஆஸ்திரேலியப் பையன் இரண்டு நாள் வாத்தியாரோடு சண்டை போட்டான். 'விட்டேன்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு அங்கே இடமே இல்லை.

'யாரும்' என்பது 'தரே மொ', 'யாரோ' என்பது 'தரே க'. 'போகிறேன் என்று சொன்னான்' என்பதில் வருகிற 'என்று' அவர்களிடம் 'தொ', அதே இடத்தில் நிற்கும். கொரே, சொரே, அரே, தொரே: இது, உது, அது, எது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு 'சொரே'. இந்த உகரச்சுட்டை நாம் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசுகிறார்கள். என்னோடு தங்கியிருந்த யாழ்ப்பாணத்து நண்பருக்கு அந்தப் பாடத்தில் விளக்கமே தேவைப்படவில்லை. 'உதுதானே?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். குறில் நெடிலும் அப்படித்தான். 'ஒபசான்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசான்' என்றால் பாட்டி. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்று, நமக்கு பகல் வேறு, பாகல் வேறு. (எதிர்வீட்டு அம்மாளை நான் கடைசிவரை ஒபசான் என்றே கூப்பிட்டேன். வித்தியாசம் தெரிந்துதான்.)

சரி, உடனே 'அப்படியானால் தமிழிலிருந்துதான் வந்தது' என்று குதிக்காதீர்கள். ஒனோ சுசுமு என்ற பெரிய அறிஞர், பழைய ஜப்பானியத்தில் கரைகண்டவர், அந்தத் தொடர்பை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். நம் பக்கத்திலிருந்து பொற்கோவும், யாழ்ப்பாணத்திலிருந்து சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து பணிபுரிந்தார்கள். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு காரணம் எளிது: வினை கடைசியில் வருவது, உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. இந்த ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. இதையெல்லாம் படிக்காமல் வாட்ஸாப்பில் மார்தட்டுகிறவர்களில் ஒருவருக்காவது ஹிராகனாவின் 46 எழுத்துகள் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். உறவுமுறை கொண்டாடியே இலையில் உட்காராமல் திரும்புகிற கூட்டம். உங்களுக்கு மொழி வேண்டும், ர., வம்சாவளி எதற்கு?

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. 'கஞ்சி' எனப்படும், சீனத்திலிருந்து வந்த 2,136 பொதுவழக்கு எழுத்துகளையும் நீங்கள் உட்கார்ந்து எழுதித்தான் கற்கவேண்டும், குறுக்குவழி இல்லை. சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் 'வா' உருபுக்கும் 'கா' உருபுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கற்கவே கற்காதீர்கள். நான் மேலே எழுதியது உங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும். நம் 'த' ஒன்றே அவர்களின் இரண்டு ஒலிகளை விழுங்கிவிடும்.

இப்போது 'ரத்தத்தில் இருக்கிறது'. இந்த வரியைப் படித்தபோது கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பவர். மினமாத்தா என்ற பெயரைப் பாடத்தில் கடந்திருப்பீர்கள். கியூஷு தீவில், ஆலைக் கழிவின் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களுக்கு ஏறியது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை அந்தக் கழிவை விடுவதை நிறுத்தியது 1968இல். பன்னிரண்டு வருடம்! அது எந்த ரத்தம்? அந்த ஊர் பிற்பாடு, 1990களில், குப்பையை இருபது வகையாகப் பிரிக்கத் தொடங்கியது. பட்டபிறகு கற்றது. அப்புறம் ஜப்பானில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனிச்சட்டை.

உங்கள் திட்டத்தில் கமிகாட்சுவுக்குக் கூட்டிப்போவார்களா தெரியாது, போனால் நல்லது. தோகுஷிமா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம், மலைக்கிராமம், இப்போது 1,500 பேர்கூட இல்லை, பாதிக்கு மேல் முதியவர்கள். 2003இல் 'கழிவே இல்லாத ஊர்' ஆவோம் என்று அறிவித்தார்கள். நான் போனபோது குப்பையை 34 வகையாகப் பிரித்தார்கள், பிறகு அது 45 ஆனது. எல்லாரும் இதை ஜென் தத்துவம் மாதிரி எழுதுகிறார்கள். நடந்தது என்ன? அந்த ஊரில் குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்ன எரியுலை வைத்தார்கள். குப்பை எரியும்போது வரும் டையாக்சின் என்ற நச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது, உலை தேறவில்லை, மூடினார்கள். புதிய உலை கட்டக் காசில்லை. எரிக்க முடியாது என்றால் பிரித்து விற்கவேண்டும், அவ்வளவுதான். குப்பை லாரியே கிடையாது. ஊர்க்காரர்களே கொண்டுவந்து பெட்டி பெட்டியாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டிமேலும் இது எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதை அனுப்ப ஊருக்கு எத்தனை யென் செலவு அல்லது வரவு என்று எழுதியிருக்கிறது. அந்த யென் கணக்கைத்தான் நான் ரசித்தேன். எண்பது சதவீதம் வரை மறுசுழற்சிக்குப் போகிறது, நாடு முழுவதற்கும் எடுத்தால் இருபது சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பகுதியை எரிக்கிறார்கள். 2020க்குள் பூஜ்யத்தைத் தொடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தொடவில்லை. டயாபரையும் பல பொருள் ஒட்டிய செருப்பையும் எந்தப் பெட்டியில் போடுவது?

அதே ஊரில் 1981இல் கடுங்குளிர் வந்து மிக்கான் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. 1986 முதல் அங்கே கிழவிகள் மலையிலிருந்து மேப்பிள் இலைகளையும் பூங்கொத்துகளையும் பறித்து, நகரத்து உணவகங்களில் தட்டை அலங்கரிக்க விற்கிறார்கள், கம்ப்யூட்டரில் விலை பார்த்து. ரத்தம் இல்லை அம்மா, வயிறு.

மொத்தாய்நாய் பற்றியும் ஒரு வார்த்தை. கென்யாவின் சூழல் போராளி வங்காரி மாத்தாய் 2005இல் ஜப்பானுக்குப் போனபோது கேட்டு, உலகமெங்கும் கொண்டுபோனார், நல்ல காரியம். ஆனால் ஜப்பானில் அது உங்கள் பாட்டி சாம்பாரைக் கொட்டும்போது 'ஐயோ, வீணாப் போகுதே' என்பாரே, அது. 'நம்மிடம் எதுவும் இல்லை' என்கிறீர்கள். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டு விற்கிறவர் யார்? உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் செய்திருப்பார். அவர்மேல் வெட்கப்பட்டுவிட்டு ஜப்பானுக்குப் போய் அதையே ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிக் கற்காதீர்கள். இகிகாய், கின்சுகி பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

டோக்கியோவா சிற்றூரா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா. சிற்றூர். நான்கு மாதம் குறைவுதான், பரவாயில்லை. டோக்கியோ அடுக்ககத்தில் உங்கள் பையை யாரும் அவிழ்த்துப் பார்க்கமாட்டார்கள். என்-4 எழுதிவிட்டே போங்கள். இங்கிருக்கும்போதே தினம் ஒரு ஜப்பானிய வாக்கியத்தை எடுத்து, கீழே நேராகத் தமிழை எழுதிப் பழகுங்கள். அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று கேட்டு, அந்த வேலையை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். விருந்தாளி என்பதால் விடமாட்டார்கள், பிடிவாதம் பிடியுங்கள்.

நான் ஊர் திரும்பிய நாள் ஒரு வியாழன். எங்கள் தெருவில் எரிகிற குப்பை செவ்வாயும் வெள்ளியும். அறையைக் காலி செய்ததில் சேர்ந்த ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். ஒபசான் வந்து பையை வாங்கிக் கண்ணால் ஒருமுறை எடைபோட்டார். உள்ளே எல்லாம் கழுவி உலர்த்தியிருந்தது. தன் வீட்டுப் படியைக் காட்டி, 'ஒய்தே இத்தே குதசாய்' என்றார். வைத்துவிட்டுப் போங்கள்.