ஸ்ட்ரட் பார் வாங்கும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு எட்டு வயது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வளைவுகளில் நன்றாகச் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் கழித்துத்தான் மூக்கு திரும்புகிறது. ஸ்ட்ரட் பாரும் (பானட்டுக்குக் கீழே இருபக்க சஸ்பென்ஷனின் மேல் முனைகளை இணைக்கும் கம்பி), உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்கும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த ஒரு கணத் தாமதம் பெரும்பாலும் தேய்ந்த ரப்பரால் வருவது. சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் மூட்டு, அதாவது புஷ், நைந்திருந்தால், சக்கரம் திரும்புவதற்குள் ஆர்மே கொஞ்சம் நகர்ந்துவிடும். மேலே எவ்வளவு உறுதியான பார் போட்டாலும் கீழே உள்ள இந்த ஆட்டம் நிற்காது.

முதலில் டயரின் வயதையும் காற்றையும் பாருங்கள். அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட் மூன்றையும் கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட். முன்பு, பின்பு என்ற இரண்டு அளவுகளும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த வேலையிலேயே பல வண்டிகள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) உள்ள வண்டியை அதிகம் தாழ்த்தினால், எடை மையம் இறங்குவதைவிட வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் வேகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும். சாய்வைக் குறைக்கக் காசு கொடுத்துவிட்டு அதையே வளர்ப்பதாக ஆகிவிடலாம். பழைய ஷாக்கோடு போட்டால் இன்னும் மோசம்: வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் இடித்து, பிடிப்பு சட்டென்று போய்விடும்.

ஸ்ட்ரட் பாருக்கும் வேலை உண்டு. ஸ்ட்ரட்டின் மேல் முனையைத் தாங்கும் பாடிப் பகுதிகளான ஸ்ட்ரட் டவர்கள் இரண்டும் வளைவில் நெளிந்தால் அதைத் தடுக்கும். ஆனால் உங்கள் வண்டியில் அவை நெளிகின்றனவா என்பதுதான் கேள்வி. வாங்குவதானால் நேரான, ஒரே துண்டாக உள்ள பார் நல்லது. இன்ஜினைச் சுற்றி வளைந்து போகும் மெல்லிய பார், விசை வந்ததும் தானே நெளியும்.

கேள்வி: எல்லாம் மாற்றிய பிறகும் சாய்வு இருந்தால்?

பதில்: அப்போது ஆன்டி ரோல் பார், அதாவது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி. முன்சக்கர இயக்கமுள்ள வண்டிகள் பொதுவாக வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். பின்பக்கம் கொஞ்சம் தடித்த பார் போட்டால் சாய்வும் அந்தத் தள்ளலும் சேர்ந்தே குறையும். அளவு மீறினால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். அதனால் பாரின் முனையில் மாட்டும் துளையை மாற்றி இறுக்கத்தைக் கூட்டும் வகையை வாங்கி, மிக மென்மையான துளையில் தொடங்குங்கள். அதைப் பிடிக்கும் புஷ் ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் என்றால் அதற்கான கிரீஸும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் மாட்டினால் மேடு ஏறும்போதெல்லாம் கீச்சிடும்.