கப்பல் அந்த ஊரில் நிற்கவில்லை என்றால்? – வாசகர் கேள்வி பதில்

உல்லாசக் கப்பல்களின் விருந்தினர் சேவை மேசையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது தூத்துக்குடியில் வசிக்கும் நம் பத்தியாளர், பயணத் திட்டம் திடீரென மாறுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கோவை வாசகி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போனோம். சாண்டோரினியைப் பார்ப்பதற்காகவே சேர்த்து வைத்த பணம் அது. அன்று காலை வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் "காற்று அதிகம், இறங்க முடியாது" என்று அறிவித்துவிட்டுக் கப்பல் நகர்ந்துவிட்டது. கணக்கில் மிகச் சிறிய தொகைதான் திரும்ப வந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை அம்மா. அன்று உங்கள் கேப்டன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

"வெயில்தானே அடிக்கிறது, பிறகென்ன?" என்று என் மேசைக்கு வந்து கேட்டவர்கள் ஏராளம். ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வீசும். மெல்டெமி என்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் அது உச்சத்தில் இருக்கும். வானம் பளிச்சென்று இருக்கும்போதே கடலைக் கலக்கும் காற்று அது. நம் ஊரில் புயல் என்றால் கருமேகமும் மழையும் சேர்ந்து வரும். அதனால் நீல வானத்தைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் வருகிறது.

சாண்டோரினியில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. தீவின் நடுவில் இருப்பது கடல் நீர் நிறைந்த பழைய எரிமலையின் வாய். 300 மீட்டருக்கும் மேல் ஆழம் போகும் இடங்கள் உண்டு, பெரும்பாலான பகுதிகளில் நங்கூரம் எட்டாது. கப்பல் தன் இயந்திரங்களின் பலத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்ப வேண்டும். கரையில் இறங்கினால் மலை உச்சியில் இருக்கும் ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், அல்லது ஏறக்குறைய 600 படி, அல்லது கழுதை.

காலையில் இறக்கிவிடுவது பெரிய விஷயமில்லை. மாலையில் திரும்ப ஏற்ற முடியுமா என்பதைத்தான் கேப்டன் பார்ப்பார். 2,000 பேரைக் கரையில் விட்ட பிறகு மதியம் காற்று ஏறினால், படகு ஒரு பக்கம் எழும், கப்பலின் மேடை இன்னொரு பக்கம் தாழும். அந்த இடைவெளியில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கால் எடுத்து வைக்க வேண்டும். வேறொரு துறைமுகத்தில் அப்படி ஒரு மாலையைப் பார்த்திருக்கிறேன். நனைந்து, நடுங்கி, படகுத்துறையில் மணிக்கணக்கில் காத்திருந்த முதியவர்களைக் கடைசியில் ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக ஏற்றினோம். காலையில் "ஏன் இறக்கவில்லை" என்று சண்டை போடுபவர்களைச் சமாளித்துவிடலாம். அந்த மாலை யாருக்கும் வரக்கூடாது.

சரி, பணம். டிக்கெட் ஒப்பந்தத்தில், துறைமுகங்களை மாற்றவும் விட்டுவிடவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அதனால் கட்டணத்தில் பங்கு கேட்டால் கிடைக்காது. அந்தத் துறைமுகத்துக்கென்று வசூலித்த வரியும் கட்டணமும் மட்டும் திரும்பும். உங்களுக்கு வந்த சிறு தொகை அதுதான். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். 2025 ஜூலை முதல் கிரீஸ் அரசு, சாண்டோரினியிலும் மிக்கோனோசிலும் இறங்கும் கப்பல் பயணிகளிடம் உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ வாங்குகிறது. நீங்கள் அதற்குப் பிறகு போயிருந்து, உங்கள் பில்லில் அந்தத் தொகை இருந்தால், இறங்காத ஊருக்கு அது ஏன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கப்பல் மூலமாகப் பதிவு செய்த சுற்றுலா இருந்தால் அந்தப் பணம் முழுதாக வந்திருக்க வேண்டும்.

மறுபடி போக மனமிருந்தால் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போங்கள். அப்போதும் உத்தரவாதம் இல்லை, வாய்ப்பு கூடும். சாண்டோரினி மட்டும்தான் வேண்டும் என்றால் ஏதென்ஸிலிருந்து விமானம் இருக்கிறது. தீவிலேயே இரண்டு இரவு தங்கலாம்.

சேலம் வாசகர்: தாமதமானால் கப்பல் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாதா?

ஓரளவு முடியும், அவ்வளவுதான். கப்பலின் வேகம் கொஞ்சம் கூடினாலே எரிபொருள் செலவு அதைவிட அதிகமாக ஏறும். தவிர, துறைமுகத்தில் நமக்கென்று ஒதுக்கிய நேரம் போய்விட்டால் அந்த இடத்தில் அடுத்த கப்பல் நிற்கும். உந்து இயந்திரத்தில் கோளாறு என்றால் பயணம் முழுக்கவே மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு ஊரிலும் நேரம் குறையும். அந்த மாதிரி சமயங்களில் நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுண்டு. ஏனெனில் அது கடலின் குற்றமில்லை. ஆகவே காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகர்: அடுத்த மே மாதம் இத்தாலியில் ஏறி, குரோஷியா, கிரேக்கத் தீவுகள் வழியாக ஏதென்ஸில் இறங்கும் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். இப்போது டுப்ரோவ்னிக்கை நீக்கிவிட்டு துருக்கியின் குஷாடாசியைச் சேர்த்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏஜென்ட் "இதெல்லாம் சகஜம் சார், ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் ஐயா. கோவை அம்மாவின் கதை வேறு, உங்கள் கதை வேறு. காலை ஆறு மணிக்குக் காற்றைப் பார்த்து கேப்டன் எடுக்கும் முடிவோடு யாரும் வாதாடக்கூடாது. பல மாதம் முன்பே அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு கேள்வி கேட்கப்பட வேண்டியது. இரண்டுக்கும் ஒரே ஒப்பந்த வரியைக் காட்டி வாயை அடைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

முதலில் விசா. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. அதனால் உங்கள் பழைய திட்டம் முழுக்க ஷெங்கனுக்குள்ளேயே இருந்தது, ஒருமுறை நுழையும் விசா போதும். துருக்கி ஷெங்கனில் இல்லை. குஷாடாசி போய்விட்டு மறுபடி கிரீஸுக்குள் வருவது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசா இல்லையென்றால் கப்பலில் ஏறவே விடாமல் நிறுத்தலாம். துருக்கிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது.

அடுத்து, மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்: பிடித்தம் இல்லாமல் ரத்து, கூடுதல் கட்டணமில்லாமல் வேறு தேதி, அல்லது கட்டணக் குறைப்பு. பழைய பயணத் திட்டம் அச்சான பக்கத்தையும் ரசீதையும் இணைத்து, மின்னஞ்சலில் சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள். கெடு தாண்டினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களில், புறப்படும் முன் முக்கிய அம்சம் பெரிதாக மாறினால் பயணி கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்று 2015-இலேயே விதி செய்துவிட்டார்கள். நீங்கள் வாங்கியது திருச்சியில். நம்மிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்று தேடிப் போக வேண்டாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல சமயம் அந்தப் பதிவைப் பார்த்ததும் ஏஜென்டின் குரல் மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வெனிஸில் ஏறுகிறோம்" என்று நினைத்திருந்தால் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகர நடுவே வரத் தடை. பல கப்பல்கள் ராவென்னாவிலோ ட்ரியெஸ்டேயிலோ ஏற்றுகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸுக்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரம் ஆகும்.

மதுரை வாசகர்: எங்கள் கப்பலில் ஒருவருக்கு மாரடைப்பு. கப்பல் வழியை மாற்றி அவரை இறக்கிவிட்டது. எங்களுக்கு ஒரு துறைமுகம் போனது. ஒருவருக்காக இத்தனை ஆயிரம் பேர் இழப்பது நியாயமா?

நியாயம் ஐயா. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கப்பலில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார், இ.சி.ஜி. எடுப்பார்கள், மருந்து கொடுத்து நிலைமையைக் கட்டுக்குள் வைப்பார்கள். அடைப்பை நீக்கும் வசதி அங்கே கிடையாது. ஹெலிகாப்டர் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம்தான் வரும். கப்பல் திரும்பித்தான் ஆக வேண்டும். கடலில் ஆபத்தில் இருக்கும் வேற்றுப் படகுக்காரர்களுக்காகக்கூட கேப்டன் வழியை மாற்றிப் போக வேண்டும் என்பது சர்வதேச உடன்படிக்கை. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் கையெழுத்தான கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் இன்றைய வடிவம் அது. சொந்தப் பயணிக்குச் செய்ய மாட்டாரா?

அப்படிப்பட்ட ஓர் இரவில் நோயாளியின் மனைவி என் மேசைக்கு வந்தார். இருபது நிமிடத்தில் பெட்டி கட்ட வேண்டும். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, அங்கே பேசும் மொழி என்ன, எதுவும் அவருக்குத் தெரியாது. அதே நேரம் அவருக்குப் பின்னால் நின்றவர் நாளைய பேருந்துச் சுற்றுலாவின் பணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பணம் நிச்சயம் திரும்பியது. இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பயணக் காப்பீட்டில் கடலிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு அடங்குமா என்று பாருங்கள். துறைமுகம் தவறினால் தரும் சில்லறைத் தொகையைவிட ஆயிரம் மடங்கு முக்கியம் அது.

நெல்லை வாசகி: வயதான பெற்றோரைச் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபூகெட் போகும் கப்பலில் கூட்டிப்போகிறோம். திட்டம் மாறாமல் இருக்க வழி உண்டா? இறங்கிய அன்றே ஊர் திரும்ப விமானம் போடலாமா?

மாறாது என்று யாராலும் சொல்ல முடியாது. எது மாறக்கூடும் என்று முன்பே ஊகிக்கலாம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையை ஒட்டியே நிற்கும். பாலத்தில் நடந்து இறங்கலாம், லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது, அப்பா அம்மாவுக்குத் தமிழ்க் குரலும் காதில் விழும். ஃபூகெட்டில் பாதோங் கடற்கரை என்று போட்டிருந்தால் அது படகில் இறங்கும் இடம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் அலை அதிகம். முதியவர்கள் இருந்தால் படகில் இறங்கும் ஊரை உறுதி என்று நினைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து கப்பல் ஏறுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். கடல் சும்மா இருந்தாலும் வேறு காரணம் வரலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், பயணிகள் அந்த ஊரில் இறங்கவே முடியவில்லை.

விமானம் அன்றே வேண்டாம். ஏறுவதற்கு முதல் நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள், இறங்கிய பிறகு ஓர் இரவு தங்குங்கள். விமானத்தைக் கோட்டைவிட்டு நாலு பேருக்குப் புது டிக்கெட் வாங்குவதைவிட ஹோட்டல் மலிவு.

ஈரோடு வாசகர்: துறைமுகத்தில் வெளி ஆட்களிடம் கார் பதிவு செய்யலாமா?

செய்யலாம். "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்" என்று எழுதித் தருபவரிடம் மட்டும்.

நாகர்கோவில் வாசகி: அம்மாவுக்கு 74 வயது. எருசலேமைப் பார்க்க வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. இஸ்ரேலின் ஹைஃபா, அஷ்தோத் துறைமுகங்கள் உள்ள கப்பல் பயணத்தில் பதிவு செய்திருந்தோம். இப்போது இரண்டையும் நீக்கிவிட்டு சைப்ரஸின் லிமசோல், துருக்கியின் குஷாடாசி என்று மாற்றிவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் சகோதரி. கப்பலில் ஏறிய பிறகு தெரிந்தால், ஊர் தவறிய வருத்தத்தோடு, பிள்ளைகள் மறைத்த வருத்தமும் சேரும். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்து கப்பல் நிறுவனங்கள் இஸ்ரேல் துறைமுகங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவருகின்றன. உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு முடிவை அம்மாவிடமே விடுங்கள். எருசலேமுக்காக மட்டுமே என்று அவர் சொன்னால், திருச்சி வாசகருக்குச் சொன்ன வழியில் பணத்தைக் கேளுங்கள். ஒரு விஷயம் அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். கப்பல் அஷ்தோதில் நின்றாலும் எருசலேம் அங்கிருந்து 70 கிலோமீட்டர். ஹைஃபாவிலிருந்து 150-க்குப் பக்கம். போகவர நேரம் போக, கல்லறைத் தேவாலயத்தின் வரிசையில் நிற்கவே நேரம் சரியாகிவிடும். 74 வயதில் அப்படி ஓடுவதைவிட, அமைதி திரும்பிய பிறகு விமானத்தில் ஒரு யாத்திரைக் குழுவோடு போய், அந்த ஊரிலேயே தங்கி, காலையில் ஜெபிப்பது எவ்வளவோ மேல்.

போகலாம் என்று சொன்னால், புதிய ஊர்கள் இரண்டும் அம்மாவுக்கு வெறும் கடற்கரைகள் இல்லை. லிமசோலிலிருந்து ஒரு மணி நேரத்தில் லார்னகா. இயேசு உயிர்ப்பித்த லாசரு பிற்பாடு அங்கே ஆயராக இருந்து அங்கேயே அடக்கமானார் என்பது மரபு. அவர் பெயரில் 9-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது, கல்லறை பலிபீடத்துக்குக் கீழே. குஷாடாசியிலிருந்து பைபிளில் வரும் பழைய நகரமான எபேசு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அருகில் இயேசுவின் சீடர் யோவானின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பழைய பேராலயமும், மலைமேல் மரியன்னை கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாக நம்பப்படும் சிறு கல்வீடும் உண்டு. 1967-இல் ஆறாம் பவுல் முதல் மூன்று திருத்தந்தையர் அங்கே போய் ஜெபித்திருக்கிறார்கள். எபேசுவின் பளிங்குத் தெரு சரிவு, வழுக்கும், நிழல் இல்லை. அம்மாவுக்கு மலைவீடும் யோவான் பேராலயமும் போதும். இந்த இரண்டு நாளும் கப்பலின் சொந்தச் சுற்றுலாவிலேயே போங்கள், தாமதமானாலும் உங்களுக்காகக் கப்பல் காத்திருக்கும்.

கடைசித் தவணை கட்டும் தேதி எது என்று பார்த்துவிட்டு, அதற்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.