ப்ரீஸ்கூல் சூழல் சரியில்லன்னா குழந்தையோட வளர்ச்சி நிஜமாவே பாதிக்குமா? ஃபீஸ் அதிகமான ப்ளே ஸ்கூலா, பக்கத்துத் தெரு அங்கன்வாடியா?

பாதிக்கும், நல்லாவே பாதிக்கும். ஆனா சூழல்னதும் ஏசி ரூம், செவுரு பூரா கார்ட்டூன், ஸ்மார்ட் போர்டுன்னு நம்ம ஆளுங்க பாக்கறாங்க பாருங்க, எனக்கு வருத்தமே அதுலதான். மூணு வயசு பிள்ளைக்கு சூழல்னா முதல்ல அங்க இருக்கற பெரியவங்கதான், அது பேசறத காது குடுத்து கேட்டு பதில் சொல்ல ஒரு ஆளுக்கு நேரம் இருக்கா இல்லையா, மத்ததெல்லாம் அப்புறம்.

என் சித்தி அங்கன்வாடி டீச்சர், அதனால பக்கத்துல இருந்தே பாத்திருக்கேன். காலைல பாட்டு ஆரம்பிப்பாங்க, அது முடியறதுக்குள்ள மாசமா இருக்கற பொண்ணு ஒன்னு சத்துமாவு வாங்க வந்து நிக்கும், அப்புறம் எடை போடணும், போன்ல ஏத்தணும், ரிஜிஸ்டர் எழுதணும், ஆயா அடுப்படில முட்டை வேக வெச்சிட்டிருப்பாங்க, பிள்ளைங்க பாட்டுக்கு கைய கட்டிட்டு உக்காந்திருக்கும். அதே சித்திக்கு ஒரு அரை மணி நேரம் கிடைச்சா போதும், தரையில உக்காந்து புளியங்கொட்டையையும் சோழியையும் கொட்டி விட்டு எது நிறைய இருக்கு சொல்லு பாப்போம்னு கேப்பாங்க. ஒரு வாண்டு, அதுக்கு ஒழுங்கா எண்ணக்கூட வராது, ஒவ்வொரு கொட்டைக்கும் பக்கத்துல ஒரு சோழிய வெச்சிட்டே வந்து கடைசில மிஞ்சின கொட்டைய காட்டி "இதுக்கு ஜோடி இல்ல டீச்சர்"னு சொல்லுச்சு. கணக்குக்கு அடிப்படையே அதுதாங்க, செலவு ஒரு ரூபா இல்ல.

இது ஏதோ என் அனுபவம் மட்டும் இல்ல. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோஃபர் வால்டர்ஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் நம்ம தமிழ்நாட்டு அங்கன்வாடிகள்லயே சோதிச்சு பாத்திருக்காங்க. 320 மையத்த எடுத்து குலுக்கல் மாதிரி பாதிய பிரிச்சு, அந்த பாதிக்கு மட்டும் சொல்லிக்குடுக்கறதுக்குன்னே பகுதி நேரமா ஒரு ஆள கூடுதலா போட்டாங்க. கட்டடம் மாறல, வேற பெருசா எதுவும் மாறல. பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கற நேரம் ரெண்டு மடங்காச்சு, 18 மாசத்துல மொழி, கணக்கு ரெண்டுலயும் அந்த பிள்ளைங்க தெளிவா முன்னாடி இருந்தாங்க, அதுக்கும் மேல வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்களும் குறைஞ்சாங்க, ஏன்னா பழைய டீச்சருக்கு சத்துணவு வேலைய கவனிக்க நேரம் கிடைச்சுது. ஒரே ஒரு ஆள் கூட இருந்ததுக்கு இவ்ளோ!

அமெரிக்காவுல மிச்சிகன்ல 1962ல ஆரம்பிச்ச பெர்ரி ப்ரீஸ்கூல்லயும் இதே கதைதான், அஞ்சாறு பிள்ளைக்கு ஒரு டீச்சர், வாராவாரம் வீட்டுக்கே போய் அம்மாக்கள்ட்ட பேசுவாங்க. அந்த பசங்கள 40 வயசு வரைக்கும் தொடர்ந்து பாத்ததுல, அங்க சேராத பசங்கள விட சம்பாத்தியம் கூடுதலாவும் போலீஸ் கேஸ் கம்மியாவும் இருந்துச்சு.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். ரெண்டு இடத்துக்கும் பத்தரை மணி வாக்குல நேர்ல போங்க. பொம்மை பிள்ளைங்க கைக்கு எட்டற தட்டுல இருக்கா, இல்ல கண்ணாடி பீரோவுல பூட்டி அழகுக்கு வெச்சிருக்காங்களான்னு பாருங்க. பாத்ரூம் கண்டிப்பா பாருங்க. யாரோட சத்தம் அதிகமா கேக்குதுன்னு கவனிங்க, பிள்ளைங்களோடதா டீச்சரோடதா. எங்க ஏரியாவுல ஒரு ப்ளே ஸ்கூல்ல ப்ரீகேஜி பிள்ளைக்கு டெய்லி ரெண்டு பக்கம் ஹோம்வொர்க், மணிக்கட்டு எலும்பே முழுசா உருவாகாத வயசுல பென்சில அழுத்திப் பிடிச்சு ஏ பி சி டி எழுதிட்டு அழுதுட்டே தூங்கும், கேட்டா பேரன்ட்ஸ்தான் கேக்கறாங்கன்னு சொல்றாங்க, அதுலயும் உண்மை இருக்கு, நாம நோட்ட பாத்துத்தானே ஸ்கூல எடை போடறோம்.

அங்கன்வாடி டீச்சர் நல்லா பேசறவங்களா, பிள்ளைங்க அவங்கள சுத்தி வந்து மேல விழுந்து கத சொல்லுதுங்களான்னு பாருங்க, அப்படி இருந்தா தயங்காம அங்கயே சேத்துடுங்க, மிச்சமாகற ஃபீஸ்ல படக்கதை புக்ஸ் வாங்கி ராத்திரி படிச்சு காட்டுங்க. கேட்டத் தாண்டி உள்ள விடமாட்டோம்னு சொல்ற இடம் எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் நான் சேக்க மாட்டேன்.