எதிரே யார் இருக்கிறார்கள்?

கேள்வி: மதமும் அரசியலும் பற்றி ஜோன் கென்னடி 1960இல் ஹூஸ்டனில் ஆற்றிய உரையை வகுப்பில் படித்தோம். அதில் என்னென்ன பேச்சு உத்திகள் இருக்கின்றன? நம் மேடைகளுக்கு அவை பொருந்துமா?
– ஒரு மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மேடை என்று எழுதிவிட்டீர்கள், தங்கச்சி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மேடையின் முன்வரிசைக் கதிரைகளில் குருக்கள், ஃபாதர், மௌலவி, சில வேளை ஒரு ஹாமதுரு (பௌத்த பிக்கு). குத்துவிளக்கு, பொன்னாடை, ஒவ்வொருவராக ஆசியுரை. நெல் விலையைப் பற்றிப் பேச வந்தவரின் கைக்கு மைக் போகும்போது சனம் எழும்பத் தொடங்கியிருக்கும். மதத் தலைவர்களைக் கட்சி மேடையில் இருத்தாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் பல காலமாக எழுதி வருகிறேன். அதற்காக ஓர் அமைப்பாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும், நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. வேட்பாளர் கொடுத்த வாக்கை மீறும்போது அந்த அவமானம் கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் அல்லவா போய்ச் சேர்கிறது?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கத்தோலிக்கரான கென்னடி செய்தது இதற்கு நேர்மாறு. அவர் மதகுருமாரைத் தன் பக்கத்தில் இருத்தவில்லை, எதிரே இருத்தினார். 1960 செப்டெம்பர் 12, ரைஸ் ஹோட்டல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் புரட்டஸ்தாந்துப் போதகர்கள். ஒரு கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் பாப்பரசர் சொல்கிறபடிதான் ஆட்சி நடக்கும் என்ற பயம் அந்த நாட்டில் பலமாக இருந்தது. 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்க வேட்பாளர் தோற்றதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு. பயந்தவர்களிடமே போய் நின்று பேசினார், பேசி முடித்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னார். உங்கள் பாடத்தில் எந்த உத்தியை முதலாவதாகப் போட்டிருந்தாலும், என் கணக்கில் இதுதான் முதலாவது.

உரைக்குள்ளே வருவோம். மதத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டவர், அதைவிடப் பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன என்றுதான் தொடங்குகிறார். மேற்கு வேர்ஜீனியாவில் தான் பார்த்த பசித்த பிள்ளைகள், வைத்தியச் செலவைக் கட்ட முடியாத முதியவர்கள், நிலத்தைக் கைவிடும் விவசாயக் குடும்பங்கள். யுத்தமும் பசியும் அறியாமையும் மதம் பார்ப்பதில்லை என்கிறார். அப்புறம் அவர்களுடைய காயத்தையே தொடுகிறார். வேர்ஜீனியாவில் ஒரு காலத்தில் புரட்டஸ்தாந்துகளில் ஒரு பிரிவினரான பப்டிஸ்த போதகர்களைத் துன்புறுத்தினார்கள். ஜெபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று நான், நாளை நீங்களாகவும் இருக்கலாம் என்று அவர் சொல்வது, அந்தப் பழைய அடி நினைவில் உள்ளவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! டெக்சாஸின் விடுதலைப் போரில் வீழ்ந்த, டெக்சாஸ்காரர் தலையில் வைத்துக் கொண்டாடும் அலமோ கோட்டையையும் விடவில்லை. அங்கே செத்தவர்களில் யார் கத்தோலிக்கர் என்று எவரும் சோதிக்கவில்லை என்றார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. பதவி தன் மனச்சாட்சியை அல்லது நாட்டின் நலனை மீறும்படி கேட்டால், பதவியை விட்டுப் போய்விடுவேன் என்கிறார். அந்த வசனம் சொன்னவரையே கட்டிப் போடுகிறது. நம்மூர் மேடையில் மதத்தைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களில் எவராவது, எதற்காகப் பதவி விலகுவேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பொருந்துமா என்றால், அரசும் மதமும் முற்றாகப் பிரிந்திருக்க வேண்டும் என்ற அவருடைய வசனத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நமது அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. ஆனால் தமிழரசுக் கட்சித் தலைவர், கிறிஸ்தவரான செல்வநாயகத்தை, இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள காங்கேசன்துறை 1952இல் தோற்கடித்தது, 1956இல் வெல்ல வைத்தது. அவர் மதம் மாறவில்லை. வாக்காளர் மாறினார்கள். ஆகவே நம் சனத்துக்கு இது விளங்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைப் பாருங்கள். 1989இலிருந்து இழுபடும் விஷயம். அடிப்படையில் அது நிர்வாகப் பிரச்சினை: எல்லை எங்கே, காணி அதிகாரம் யாரிடம், நிதி எந்தக் கணக்கில். மேசையில் வரைபடத்தை விரித்துப் பேச வேண்டிய விஷயம். 2019 ஜூனில் அதை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் தரப்பில் அங்கே உண்ணாவிரதம் இருந்தவர்களில் பிக்குவும் குருக்களும் இருந்தார்கள். முஸ்லிம் தரப்பு எதிர்த்து அமர்ந்தது. கோரிக்கை நியாயமா இல்லையா என்ற வாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. காவியும் வேட்டியும் தொப்பியும் முன்னால் வந்ததும் வரைபடம் பின்னால் போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம். ஒரு கையெழுத்துக்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிற தாயைப் பற்றி இரு தரப்பு மேடையிலும் பேச்சே இல்லை.

ஆகவே நம் வேட்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தமிழர் ஊரான ஆரையம்பதியில் காணிப் பிரச்சினை பற்றிப் பேசுகிறதை, அடுத்த முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போய் அதே வார்த்தைகளில் பேசுங்கள். காத்தான்குடியில் பேசுகிறதை ஆரையம்பதிக்கு வந்து பேசுங்கள். பேசி முடித்ததும் வாகனத்தில் ஏறாமல் கேள்விக்கு நில்லுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே கடலுமில்லை, ஆறுமில்லை.

தங்கச்சி, வகுப்பில் உரையை மட்டும் படித்திருந்தால் அதற்குப் பின் நடந்த கேள்வி நேரத்தையும் தேடிக் கேளுங்கள். ஒளிப்பதிவு கிடைக்கிறது. உங்கள் ஆசிரியரையும் கேட்கச் சொல்லுங்கள்.